முதலில் அம்மா நனையாமல் இருக்கணும்

நாங்கள் இருப்பது பெர்த்தில். ஊரில் யாரிடம் சொன்னாலும் ஆஸ்திரேலியா என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஜனவரியில் சித்தி ஃபோன் செய்து, “அங்க நாப்பது டிகிரி வெயிலாமே, பிள்ளைக்கு நெறைய மோர் குடு” என்றார். நான் அப்போது ஜன்னலோரம் நின்று மூன்றாம் நாளாக விடாத தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெர்த் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பெர்த்துக்கே பெயர் கொடுத்த ஊர். பெயரோடு வெயிலையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த மழையில் சின்னப் பிள்ளையோடு வெளியே நடக்கப் பழகிய கதை இது.

நான் நாகர்கோவில்காரி. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால், மழையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு இருந்தது. வந்த புதிதில் கணக்கு வேறு போட்டேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ மழை, ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் 700 மி.மீ அளவுதான். பாதிதானே, இதற்கா இத்தனை புலம்பல் என்று கணவரிடம் கேட்டேன். சென்னை மழையில் பெரும்பங்கு சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே அந்தப் பாதியை வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதுவும் கிழக்குப் பக்கக் கணக்கு. மேற்கே மலைப்பகுதிகளில் 3,000 மி.மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு.

எங்கள் பக்கம் மழை நின்றால் “மழை வெறிச்சிட்டு” என்போம். வெறிக்கட்டும், அப்புறம் போவோம் என்று காத்திருப்பது ரத்தத்தில் ஊறின பழக்கம். முதல் இலையுதிர் காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான் காத்திருந்தோம். அது வெறிக்கவே இல்லை. இரண்டரை வயது மகள் சோபாவின் முதுகில் ஏறிக் குதித்து, திரைச்சீலைக் கம்பியை ஒருநாள் பிடுங்கியே விட்டாள். இந்த ஊர்க்காரர்களிடம் இந்த வானிலைக்கென்றே சொற்கள் இருக்கின்றன. நாள் முழுக்க மூட்டமாக, ஈரமாக, மனசைக் கனக்க வைக்கிற பொழுது ‘ட்ரீக்’. விழுவதே தெரியாமல் விழுந்து ஆளை ஊறவைக்கிற மெல்லிய தூறல் ‘ஸ்மர்’. குற்றாலச் சாரலை இன்னும் சலித்தெடுத்தால் கிடைப்பது.

முதல் தடவை துணிந்து கிளம்பியது ஹெர்மிடேஜுக்கு. பெர்த்திலிருந்து ஏ9 சாலையில் வடக்கே போனால் அரை மணிக்குள் டன்கெல்ட் வரும், அதை ஒட்டி ப்ரான் ஆற்றங்கரையில் இருக்கும் காடு. நான் ஜீன்ஸ், பருத்திக் குர்தா, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர். கையில் குடை. கணவர் அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் ஷூ. மகளுக்கு மட்டும், நர்சரியில் கட்டாயம் என்று சொல்லியிருந்ததால், பட்டில் சூட் என்கிற தலை முதல் கால் வரை மூடும் மழை உடுப்பும் ரப்பர் பூட்ஸும் இருந்தன.

பத்தாவது நிமிடத்தில் ஒரு காற்று அடித்துக் குடை தாமரைப்பூ மாதிரி மலர்ந்தது. ஜீன்ஸ் தொடை வரை ஈரம் ஏறிக் கல்லாகக் கனத்தது. இருபதாவது நிமிடம் எனக்குப் பல் கிட்டியது. “போதும், வாங்க போகலாம்” என்று நான்தான் சொன்னேன். மகள் ஒரு குட்டையில் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டிருக்கவில்லை, நிஜமாகவே உட்கார்ந்திருந்தாள். தூக்கியதும் அலறினாள். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அலறல். வீட்டுக்கு வந்து அவளுக்கு உடை மாற்றியபோது உள்பனியன் துளி ஈரம் இல்லாமல் கதகதவென்று இருந்தது. என்னைப் பிழிந்தால் ஒரு வாளித் தண்ணீர் வந்திருக்கும்.

அன்றைக்குத்தான் உறைத்தது. குழந்தைக்கு மழை ஒரு பிரச்சினையே இல்லை. நனைந்து, குளிர்ந்து, எரிச்சலாகி, பயணத்தை முடித்து வைப்பது நாம். நம்மூர்ப் பெற்றோருக்கு முதல் நல்ல கோட்டைப் பிள்ளைக்கு வாங்கிவிட்டு, தனக்கு இருப்பதே போதும் என்கிற குணம் உண்டு. இந்த ஊரில் அது தலைகீழாக இருக்கணும். நாம் காய்ந்திருந்தால் அவள் இரண்டு மணி நேரம் விளையாடுவாள்.

அதனால் அடுத்த மாதச் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் மழைக்கோட்டும், முக்கியமாக மழைப் பேன்ட்டும் வாங்கினோம். பேன்ட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கோட்டில் வழிகிற தண்ணீர் முழுக்கத் தொடையில்தான் இறங்கும். உள்ளே பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு உயிர் கொடுக்கிற பருத்தி இங்கே எதிரி. ஈரத்தைக் குடித்து, உடம்போடு ஒட்டி, சூட்டை உறிஞ்சிவிடும். மெல்லிய கம்பளி, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் மழை உடுப்பு என்று மூன்று அடுக்கு. மழை உடுப்பைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. தண்ணீர் ஒட்டாமல் உருளும் தன்மை போய்விடும். நான் வாசனைக்காக இரண்டு தடவை ஊற்றிக் கெடுத்தேன்.

பிள்ளைக்குப் புதிது வாங்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் அறக்கட்டளைக் கடைகளில் பழைய பட்டில் சூட் கிடைக்கும். நான் 5 பவுண்டுக்கு எடுத்தது இரண்டு குளிர்காலம் உழைத்தது. கால்பகுதியில் பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது அறுந்திருந்தால் குட்டையில் கால் வைத்ததும் பேன்ட் மேலே ஏறி, பூட்ஸ் கிணறாகிவிடும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக, உள்ளே கம்பளிக் காலுறை. கையுறை மூன்று ஜோடி. ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் நனையும், ஒன்று தொலையும், மூன்றாவது திரும்பி வரும்போது போட.

ஒரு விஷயத்தை நர்சரி ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைக்குக் குளிருகிறதா என்று நான் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கை எப்போதும் ஐஸாகத்தான் இருக்கும். பிடரியில், சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பாருங்கள் என்றார். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் கவலை இல்லை. அங்கேயும் குளிர்ந்திருந்தால், அல்லது துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சோர்ந்து சிணுங்கினால், பேச்சே கிடையாது, காருக்குத் திரும்ப வேண்டியதுதான். முதுகில் சுமக்கிற கேரியரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஏறுகிற நமக்கு வேர்க்கும், அசையாமல் இருக்கிற அதற்கு நடுங்கும். நமக்கு வேர்ப்பதை வைத்து அதன் கோட்டைக் கழற்றிவிடக் கூடாது.

காருக்குள் பட்டில் சூட்டோ பஞ்சு அடைத்த ஜாக்கெட்டோ போட்டு குழந்தை இருக்கையில் கட்டக் கூடாது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, விபத்தில் பட்டை பிடிக்காது. போய்ச் சேர்ந்த பிறகு, டிக்கியின் தூக்கிய கதவுக்கு அடியில் உட்கார வைத்து மாட்டுவதுதான் வழி. அப்படி மாட்டி, ஜிப் போட்டு, பூட்ஸ் ஏற்றி, கையுறை போட்டு, நிமிர்ந்ததும் “அம்மா, உச்சா” என்பாள். தவறாமல் நடக்கும். இப்போதெல்லாம் மடக்குகிற பாட்டி ஒன்று டிக்கியிலேயே கிடக்கிறது. (பிள்ளைகள் உட்காருகிற பாட்டியைச் சொல்கிறேன், அம்மாவைப் பெற்ற பாட்டியை அல்ல.) உடுப்பு மாட்டும் முன் அதில் ஒரு தடவை உட்காருவது சட்டம். வருகிறதோ இல்லையோ.

சாப்பாட்டில் நான் முதலில் செய்த தப்பு தயிர்சாதம். ஆறு டிகிரியில், நனைந்த பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்தத் துயரம் புரியும். இந்த ஊர்க்காரர்கள் ஃப்ளாஸ்கில் சூப்பும், ‘பீஸ்’ என்று அவர்கள் சொல்லும் சாண்ட்விச்சும் கொண்டு வருவார்கள். நான் ரசத்துக்கு மாறினேன். மிளகு தூக்கலாக, பூண்டு தட்டிப் போட்டு. அகல வாய் ஃப்ளாஸ்கில் குழைந்த ரசம்சாதமோ வெண்பொங்கலோ. ஃப்ளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டு அப்புறம் சாதம் போட்டால் மதியம் வரை ஆவி பறக்கும். ஒருநாள் பக்கத்து மேசையில் இருந்த வயதான தம்பதி வாசனை பிடித்து என்னவென்று கேட்டார்கள். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அந்த மனிதர் ஒரு வாய் குடித்து இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் மூடியை நீட்டினார்.

எவ்வளவு தூரம் நடப்பது என்ற கேள்விக்கு என் பதில்: தூரத்தை மறந்துவிடுங்கள். எங்கள் மிகச் சிறந்த மழைநாள் ஒன்றில் மொத்தமாக நடந்தது முந்நூறு மீட்டர் இருக்கலாம். ஒரு குட்டை, ஒரு விழுந்த மரம், ஒரு கருப்பு நத்தை. ஓடு இல்லாத அந்தக் கருப்பு நத்தைகள் மழையில் நிறைய வெளியே வரும், விரல் நீளத்துக்கு இருக்கும். அது பாதையைக் கடந்து முடிக்கும் வரை நின்று பார்த்தோம். கடப்பதற்கு இருபது நிமிடம் ஆனது. பெரியவர்கள் போக வேண்டிய இடம் என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையை இழுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

மழையில் மட்டும் கிடைக்கிற விளையாட்டுகள் நிறைய. ஸ்பேக்னம் என்கிற சதுப்புப் பாசி தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கீழே உதிர்ந்து கிடக்கிற கைப்பிடியை எடுத்துப் பிழிந்தால் குழாய் திறந்த மாதிரி ஊற்றும். முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப்போட இதைக் காயவைத்துப் பயன்படுத்தினார்கள் என்று படித்து அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது முக்கியமாகப் படவில்லை, பிழிவதுதான் முக்கியம். ஓடைத் தண்ணீர் கருப்பட்டிக் காபி நிறத்தில் ஓடும். மலைமேல் இருக்கிற, பீட் என்கிற மக்கிய தாவர மண்ணின் சாயம் அது, அழுக்கில்லை. காகிதக் கப்பல் இங்கே செல்லாது, மேலேயும் மழை பெய்வதால் இரண்டு நிமிடத்தில் கூழாகிவிடும். இலையில் குச்சி குத்திப் பாய்மரம் செய்கிறோம்.

இடங்கள் என்று கேட்டால், கூரையும் காடும் கலந்த இடங்களைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். முதல் தோல்விக்குப் பிறகு ஹெர்மிடேஜுக்கே பலமுறை போயிருக்கிறோம். அங்கே டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் நின்றால் சாதாரணத் தூறல் தரைக்கு வந்து சேரவே நேரமாகும். அந்த மரத்துக்குப் பெயர் தந்த டேவிட் டக்ளஸ், பெர்த்துக்குப் பக்கத்து ஸ்கூனில் 1799இல் பிறந்தவர். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து விதையை 1827இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். பெரியவர் நடையில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கால்மணி நேரத்தில் ஓசியன்ஸ் ஹால் வரும். 1757இல் அருவியைப் பார்ப்பதற்கென்றே கட்டிய சின்ன மண்டபம். கூரைக்குக் கீழே நின்றபடி பிளாக் லின் அருவியைப் பார்க்கலாம். மழை நாளில்தான் அந்த அருவிக்கே உயிர் வரும். வெயில் நாளில் போனவர்கள் பாதி பார்த்தவர்கள்தான்.

டன்கெல்டுக்குச் சற்றுத் தள்ளி லோக் ஆஃப் த லோஸ் என்ற ஏரி. ஸ்காட்டிஷ் வைல்ட்லைஃப் டிரஸ்ட் நடத்துகிறது. அங்கே பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உணவு வைத்திருப்பார்கள், செம்மண் நிற அணில்கள் வரும். வசந்தத்திலும் கோடையிலும் ஆஸ்ப்ரே என்கிற மீன்பிடிப் பருந்து கூடு கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற பறவை, அதற்கே இந்த மழை சரிப்படுகிறது. டே ஏரிக்கரையில் இருக்கும் ஸ்காட்டிஷ் க்ரானாக் சென்டர் இன்னொன்று. தண்ணீரில் மரத்தூண் நட்டு அதன்மேல் வீடு கட்டி 2,500 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்ததை உயிரோடு காட்டுகிற இடம். மாதிரிக்குக் கட்டியிருந்த வீடு 2021 ஜூனில் எரிந்துபோனது, 2024இல் வேறு கரையில் மையத்தைப் புதிதாகத் திறந்தார்கள். அங்கே ஏரியடியில் கிடைத்த ஒரு மரப் பாத்திரத்தில் அந்தக் கால வெண்ணெய் ஒட்டியிருந்ததாம். கட்டையைச் சுழற்றித் தீ மூட்டிக் காட்டுகிறார்கள், புகையும் நெருப்பும் சூடும் உண்டு. நனைந்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்.

பெயர் பெற்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடந்து போக எல்லோருக்கும் உரிமை உண்டு. வேலிக் கதவை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும், குட்டி போட்ட ஆடு மாடுகளுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிற பெயரில்லாத காடுதான் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது. பாதியில் திரும்பினாலும் பெட்ரோல் போனதே என்ற வருத்தம் இருக்காது.

பயப்பட வேண்டிய விஷயங்களில் மழை மூன்றாவது. முதலாவது காற்று. பலத்த காற்றுக்கு மெட் ஆஃபீஸ் எச்சரிக்கை விட்டிருந்தால் காட்டுப் பக்கமே போவதில்லை. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் கிழக்கு ஸ்காட்லாந்தில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பிறகு சாலையோரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஆறு. மலையில் பெய்கிற மழை இங்கே ஆற்றில் சீக்கிரம் இறங்கிவிடும், காலையில் கல் தாண்டி விளையாடிய இடம் மாலையில் இருக்காது. செபா என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது, கிளம்பும் முன் பார்த்துவிடுவேன். ஹெர்மிடேஜில் மண்டபத்து மாடத்துக்குக் கம்பி உண்டு. மற்ற கரைகளில் வழுக்குப் பாறை. அங்கே அவள் கையை விடுவதில்லை, அழுதாலும்.

குளிர்காலத்தில் இருட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்குள் சூரியன் விழுந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்னால். பள்ளத்தாக்குகளில் ஃபோன் சிக்னல் போய்விடுவதால் எங்கே போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நல்லது.

கோடைக்கு வேறு தொல்லை. ஒரு ஜூலையில் மேற்குக் கரைப் பக்கம் போனோம். காற்றே இல்லை, ஸ்மர் தூறல், பதினைந்து டிகிரி, அருமையான நாள் என்று சொல்லி முடிக்கவில்லை, மிட்ஜ் என்கிற பொடிக் கொசு மேகமாக மூடிக்கொண்டது. நம்மூர்க் கொசுவாவது பாடிவிட்டு வரும். இது சத்தமே இல்லாமல் காதுக்குள், இமைக்குள், உச்சந்தலைக்குள். மகள் முகம் அம்மை போட்டது போல் ஆகிவிட்டது. ஈரமும் மூட்டமும் காற்றில்லாமையும் சேர்ந்தால் மே முதல் செப்டம்பர் வரை இதுதான் கதி. கொஞ்சம் காற்று அடித்தாலே அவற்றால் பறக்க முடியாது, ஆகவே கோடையில் காற்றுள்ள மழைநாளைத் தேடுங்கள். வலைத்தொப்பியும் விரட்டுகிற திரவமும் காரிலேயே கிடக்கட்டும். புதர், நீள்புல் பக்கம் போய்வந்தால் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, அக்குள், மயிர்க்கால் எல்லாம் பார்த்துவிடணும். உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி மருந்துக் கடையில் கிடைக்கும். கடித்த இடத்தைச் சுற்றிப் பிறகு சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். லைம் நோயின் அடையாளம் அது.

இதற்கெல்லாம் நடுவில் வாரா வாரம் அம்மாவின் ஃபோன். “மக்ளே, பிள்ளைய மழையில கொண்டு நடக்காத, நெஞ்சுல சளி கெட்டீரும்.” சளி கிருமியால் வருவது, அதை நர்சரியிலிருந்துதான் கொண்டுவருகிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா நம்பவில்லை. போன அக்டோபர் கடைசியில் நேரில் வந்தார். முதல் வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து “வெறிக்கட்டும், போலாம்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் தானாகவே எழுந்து, “இது வெறிக்கிற மாதிரி தெரியல கேட்டியா” என்றார்.

சேலையை விட மாட்டேன் என்றார். சரி, சேலையைத் தூக்கிச் செருகி, அதன் மேல் என் மழைப் பேன்ட், கணவரின் பூட்ஸ், தலைக்குக் கம்பளித் தொப்பி. ஹெர்மிடேஜில் அந்தக் கோலத்தைப் பார்த்து ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே எல்லோருமே மழையில் அப்படித்தான் இருப்பார்கள். மண்டபத்தில் நின்று ரசம் குடித்தோம். சால்மன் மீன்கள் அருவியை எதிர்த்துத் துள்ளுகிற பருவம் அது. அரை மணி நேரத்தில் இரண்டு துள்ளின. அம்மா ஒவ்வொன்றுக்கும் “அம்மாடி” என்று கத்தினார். திரும்பும் வழியில் மகள் ஒரு குட்டை முன்னால் நின்று ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த பூட்ஸை நான் ரேடியேட்டர் பக்கத்தில் வைக்கப் போனேன். அப்படி வைத்தால் ரப்பர் வெடித்துவிடும், காகிதம் திணித்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று அம்மாவே சொன்னார். மழை ஊர்க்காரர்தானே. முறுக்கும் அச்சுமுறுக்கும் சுற்றி வந்த நாகர்கோவில் நாளிதழ்த் தாள்களைக் கசக்கி ஒவ்வொரு பூட்ஸாகத் திணித்துக்கொண்டிருந்தவர், ஒரு தாளை மட்டும் பிரித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்: “கனமழை: பள்ளிகளுக்கு இன்று விடுமுறை.”

வாசித்துவிட்டு அதையும் கசக்கி மகளின் இடது கால் பூட்ஸுக்குள் திணித்தார்.